ரீபாண்டிங்கை விட்ட பிறகு: சுருட்டை முடியும் ஹட்டன் பக்கத்து ஈரமும்

பண்டாரவளையில் இருக்கும் தோழி போன கிழமை வொய்ஸ் மெசேஜ் ஒன்று போட்டிருந்தாள். அவள் வழக்கமாகப் போகும் சலூனில் இந்த மாதம் முழுக்க ரீபாண்டிங், அதாவது மருந்து போட்டுச் சுருட்டை முடியை நேராக்குவது, பாதி விலையாம். "மறுபடி செஞ்சுக்கவா, இல்ல உன்ன மாதிரி அப்பிடியே வளர விட்றவா? உண்மையச் சொல்லு, நீ நிம்மதியாத்தான் இருக்கியா?" என்று கேட்டாள். எங்கள் ஹட்டன் பக்கம் மழை கொட்டும் ஆடி மாதம், தலை முழுகி இன்னும் காயாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்துக் கேட்டாள். பதில் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

முதலில் ரீபாண்டிங்குக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சொன்னதைச் செய்தது. காலையில் சீப்பை ஒரு தடவை இழுத்தால் வேலை முடிந்தது. தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்கினாலும் முடி வைத்தது வைத்தபடி இருந்தது. மழையில் நனைந்தாலும் நேராகவே காய்ந்தது. பாமசி கவுண்டரில் நாள் முழுக்க ஆட்கள் முன்னால் நிற்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எண்ணெய் தேய்த்து, இரட்டைப் பின்னலை இறுக்கி, ரிப்பன் கட்டிப் போனாலும், நெற்றியோரம் எழும்பி நிற்கும் முடிக்காகக் காலைக் கூட்டத்தில் வரிசையை விட்டு வெளியே நிறுத்தப்பட்டவள் நான். அப்படிப்பட்டவளுக்கு முதல் சம்பளத்தில் செய்த ரீபாண்டிங் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் ஏன் முடிவே இல்லாமல் காசு கேட்கிறது என்பதும் விளங்கும். மயிர்க்காலின் வளைவால் முடி சுருண்டு வருகிறது. அந்த வடிவத்தைப் பிடித்து வைப்பவை கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகள். ரீபாண்டிங் கிரீமில் இருக்கும் தயோகிளைக்கொலேட் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. அப்புறம் சூடான அயனால் இழுத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெரொக்சைட் போட்டு, நேராக இருக்கும் நிலையிலேயே மறுபடி பூட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறையாகப் போட்டுவந்த ரிலாக்ஸர் வேறு. அதில் இருப்பது சோடியம் ஹைட்ரொக்சைட் போன்ற கடுமையான காரம். பிணைப்பை உடைப்பதோடு ஒரு கந்தக அணுவையே கழற்றிவிடும், திரும்பப் பூட்ட முடியாது. தயோகிளைக்கொலேட் போட்ட முடியின்மேல் இந்தக் காரத்தைப் போட்டால் முடி முறிந்து கையோடு வரும். ரிலாக்ஸிங், ரீபாண்டிங், கெரட்டின் என்று கடைக்குக் கடை பெயரை மாற்றிச் சொல்வார்கள். அதனால் டப்பாவை வாங்கிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பூட்டியது பூட்டியதுதான், ஆனால் வேரில் மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் புது முடி சுருண்டபடியே வரும். மூடுபனி இறங்கினால் வேர் பொங்கும், நுனி தொங்கும். மறுபடி சலூன். 2021இல் தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வந்த பிறகும், நான் ஒரு தடவைக்குக் கொடுத்த காசு கொழுந்து பறிக்கும் அம்மா அரை மாதம் முழுப்பேர் போட்டால், அதாவது முழு நாள் வேலையாகப் பதிந்தால், வரும் காசு. 2022இல் ரூபா விழுந்தது. கிரீம் விலை ஏறியது. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அயனுக்கும் வழியில்லை, சலூனுக்கும் வழியில்லை என்ற நிலையில் ரீபாண்டிங் நின்றது. அப்போது எனக்குக் கொள்கை எதுவும் இருக்கவில்லை. பிடிவாதம் பிறகு வந்தது.

நேர்முடியும் சுருள்முடியும் ஒரே இழையில் இருந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் சேரும் இடம்தான் பலவீனமான இடம், சீப்பு பட்டால் அங்கேதான் முறியும். ஒரேயடியாக வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் வயசுப் பிள்ளை கிராப் வெட்டுவதை யாரும் தாங்கமாட்டார்கள் என்பதால் நான் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொண்டே வந்தேன். நேரம் எடுத்தது, முடிந்தது.

இனி என் கோபம். இந்த முடி காயாது.

ரீபாண்டிங் செய்த காலத்தில் முடி பாதியாக மெலிந்திருந்தது. பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இப்போது அடர்த்தி முழுவதும் திரும்பி வந்திருக்கிறது. சுருள்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்கின்றன. பீலித் தண்ணீரைச் சுட வைத்து மத்தியானம் முழுகினால், இருட்டுகிற நேரத்தில் பிடரிப் பக்கம் கை விட்டால் இன்னும் சில்லென்று இருக்கும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. காற்றே தண்ணீராக இருக்கும்போது முடியிலிருந்து ஈரம் எங்கே போகும்? இந்தக் காலத்தில் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவதற்கே சூடான காற்றை ஊத வேண்டியிருக்கிறது. அதே ஈரத்தில்தான் என் தலையும் காய வேண்டும். இரவில் முழுகினால் ஈரத் தலையோடு படுக்கை. காலையில் முழுகினால் ஈரத் தலையோடு பஸ். ட்ரையர் உதவும், அதுவும் அதன் வாயில் காற்றைப் பரவலாக விடும் அகலமான டிஃபியூசர் மாட்டிக் குறைந்த சூட்டில் பிடித்தால் சுருள் கலையாமல் காயும். ஆனால் கரண்ட் பில் என்று ஒன்று இருக்கிறது. டவலால் தேய்க்காமல் பழைய பருத்தி டீஷர்ட்டில் சுற்றிப் பிழிந்தால் பாதி ஈரம் போய்விடும். காசு செலவில்லாமல் எனக்குப் பலன் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஈரத்தில் கொண்டையாக முடிந்தால் சுருள் சப்பையாகி, நாற்றமும் வரும், தலையும் அரிக்கும். ஆகவே காயும்வரை விரித்துத்தான் விட வேண்டும். விரித்த தலையைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாய் வந்துவிடுகிறது. "தலைய முடிஞ்சிக்க பாப்பா, எழவு வீட்டுக்காரி மாதிரி வாசல்ல நிக்காத" என்பது அம்மா. "சாமி வந்துருச்சா?" என்பது பக்கத்துக் காம்பராச் சித்தி. கூட வேலை செய்யும் சிங்கள அக்கா ஒவ்வொரு திங்களும் "நங்கி, கொண்டே பீருவே நெத்த?" என்று கேட்பார். தங்கச்சி, தலை சீவவில்லையா என்று. நான் சீவியிருப்பேன், அதுவும் முழுகும்போதே கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே பொறுமையாக. சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு சீவினால்தான் பரட்டையாகும்.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். ரீபாண்டிங் செய்த காலத்தில் அதே தலையை, அதே வாசலில், அதே பஸ்ஸில் விரித்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஒருவரும் எழவு வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "ஸ்டைலா இருக்கே" என்றார்கள். அப்படியானால் இவர்களுக்குப் பிரச்சினை விரித்த தலை இல்லை, சுருண்ட தலை. கடவுள் கொடுத்ததை அடக்கம் இல்லாதது என்று சொல்லி, காசு கொடுத்து மருந்து போட்டதை அழகு என்று சொல்கிறோம். முடியின் இயல்பான தன்மையை வைத்து வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 2019இல் சட்டமே போட்டார்கள். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். அங்கே கறுப்பினப் பெண்கள் பட்ட பாட்டோடு என் பாட்டை ஒப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் வரிசையை விட்டு வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இன்றைக்கும் இருக்கிறாள், அவளுக்காகவும்தான் கோபப்படுகிறேன்.

அம்மாவை மட்டும் என்னால் கோபிக்க முடியவில்லை. கொழுந்துக் கூடைக் கயிறு பட்டுப் பட்டு அவர் உச்சியில் முடி மெலிந்துவிட்டது. எண்ணெய் தடவி இழுத்து முடிந்த கொண்டையைத் தவிர வேறு எந்தக் கோலத்திலும் அவரை நான் பார்த்ததில்லை. போன வருடம் கை வலி என்று இருந்தபோது நான்தான் அவருக்குத் தலை முழுக வைத்தேன். முழுகுவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் வைத்து (முடிக்குள் இறங்கிப் புரதம் கழிவதைக் குறைக்கிற எண்ணெய் அது), எனக்குச் செய்வது போலவே ஈரத்தில் சீவி விட்டேன். காயக் காயச் சுருண்டது. எனக்கு இந்த முடி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொண்டை போட்டுக்கொண்டார்.

மருந்தைப் பற்றிய பயம் ஒன்றும் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்ததில், முடி நேராக்கும் பொருட்களை ஒருபோதும் போடாதவர்களில் 1.64 சதவீதத்தினருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்றும், வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் போட்டவர்களில் அது 4.05 சதவீதம் என்றும் கணித்தார்கள். தொடர்பு இருக்கிறது என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, இதனால்தான் வந்தது என்று சொல்லவில்லை. எந்தப் பொருளில் எது காரணம் என்றும் பிரித்துக் காட்டவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பாதி விலை என்றதும் ஓடுவதற்கு முன்னால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் எங்கள் பக்கம் வானம் வெளுத்துவிடும். நுவரெலியாவில் உறைபனி கொட்டும் காலம், பகலில் வெயில், காற்றில் ஈரமில்லை. காலையில் முழுகினால் மத்தியானத்துக்குள் வேர் வரை காய்ந்து, ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக விழும். அந்த இரண்டு மாதமும் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எந்த ரீபாண்டிங்கும் அந்தச் சந்தோஷத்தைத் தரவில்லை.

தோழி, நிம்மதியா என்று கேட்டாய். இன்றைக்கு இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்தில் கவுண்டரில் நிற்கிற ஒரு பிள்ளை இந்த மாதத்தில் என்னிடம் வந்து கேட்டால், "இப்ப தொடங்காத, தை பொறக்கட்டும்" என்றுதான் சொல்வேன். உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு மழை கொட்டும் இதே மாதங்களில் உங்கள் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசுகிறது. உங்கள் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். சலூனுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நுனியை மட்டும் வெட்டிக்கொள். ஒக்டோபரில் உங்கள் பக்கம் மழை இறங்குவதற்குள் தலையைக் காயவைக்கும் பக்குவம் கைக்கு வந்துவிடும்.