கபடியில் பிடி பழக எந்த வயது: மூன்றாம் வகுப்பா, எட்டாம் வகுப்பா?

பிள்ளைகள் கபடியில் ஆள் பிடிக்க எந்த வயதில் பழகலாம் என்பதில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கம் இரண்டு கட்சி உண்டு. மூன்றாம் நான்காம் வகுப்பிலேயே மணலில் இறக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. எட்டாம் வகுப்பு வரைக்கும் ஓட்டம், நீச்சல், தொட்டு விளையாடுவது என்று விட்டுவிட்டு, உடம்பு கொஞ்சம் முற்றியதும் பிடி சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது மற்றது. என் வீட்டில் இரண்டுமே நடந்திருக்கிறது. பெரியவன் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட அணிக்குப் போன பிறகுதான் முதன்முதலாக ஓர் ஆளைப் பிடித்தான், ஏனென்றால் அப்போது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சின்னவளை ஒன்பது வயதில் கடற்கரைப் பயிற்சிக்கு அனுப்பினோம். இன்னொரு பிள்ளை இருந்தால் எந்த வழியில் விடுவாய் என்று கேட்டால், யோசிக்காமல் சின்னவள் போன வழி என்பேன். ஆனால் அந்த வழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புக் கட்சி சொல்வதுதான் சரி.

மூச்சுப் பிடிப்பு, தைரியம், போனை விட்டு வெளியே வருவது இதெல்லாம் எந்த வயதில் தொடங்கினாலும் வரும். செலவும் பெரிய வித்தியாசமில்லை, ஒரு முழங்கால் உறையும் பழைய டிரவுசரும் இருந்தால் போதும். ஆட்ட நுணுக்கமும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் தொடங்கிய பையன் ஓரிரு வருடத்தில் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறான், என் மகனே பிடித்துவிட்டான். அதனால் சீக்கிரம் தொடங்கினால்தான் பெரிய ஆட்டக்காரர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் அதை நான் நம்புவதில்லை.

தாமதக் கட்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கனடாவில் பனி ஹாக்கி ஆடும் பிள்ளைகளுக்கு, எதிராளியை உடம்பால் இடித்துத் தள்ளுவதை எந்த வயதில் அனுமதிப்பது என்று பல வருடம் சண்டை நடந்தது. அப்போது ஆல்பர்ட்டா மாநிலத்தில் 11, 12 வயதிலேயே இடிக்கலாம், கியூபெக்கில் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், இடிக்க அனுமதித்த இடத்தில் மூளை அதிர்ச்சி உட்பட காயங்கள் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது தெரிந்தது. 2013இல் கனடா முழுக்க அந்த வயதுக்கு இடிப்பதையே தடை செய்தார்கள். அமெரிக்கக் கால்பந்துச் சங்கமும் 2015இல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. இதைப் படித்த எந்தத் தகப்பனுக்கும் பிள்ளையை மணலில் இறக்கக் கால் கூசும்.

அதே ஹாக்கியில் அடுத்த வயதுப் பிள்ளைகளையும், அதாவது 13, 14 வயதுக்காரர்களையும், பார்த்திருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பே இடித்துப் பழகியவர்களுக்கும் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் மொத்தக் காயத்திலோ மூளை அதிர்ச்சியிலோ வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் ஆட முடியாமல் உட்கார வைக்கும் காயம் மட்டும், முன்பே பழகியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்திருக்கிறது. சின்ன வயதில் போட்டியில் மோதவிடுவது ஆபத்து, ஆனால் பழகிய உடம்பு ஏதோ ஒன்றைக் கற்றுவைத்திருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் உண்மை என்று நான் எடுத்துக்கொண்டேன். கபடியில் அந்த ஏதோ ஒன்று விழுவது என்பது என் எண்ணம். முடிவையும் அதை வைத்துத்தான் எடுத்தோம்.

கபடியில் பிடித்தாலும் விழ வேண்டும், பிடிபட்டாலும் விழ வேண்டும். விழத் தெரியாத பிள்ளை என்ன செய்யும் என்றால், கையை நீட்டி ஊன்றும். மணிக்கட்டு முறிவதும் முழங்கை விலகுவதும் அந்த ஒரு காரியத்தால்தான் அதிகம். அடுத்தது தலை. மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்காவிட்டால் பின்மண்டை தரையில் அடிக்கும். இந்த இரண்டையும் வாயால் சொல்லி மாற்ற முடியாது, விழுந்து விழுந்து உடம்புக்கே பழக வேண்டும். ஜூடோவில் ஆளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுப்பார்கள், அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. நம் ஊர்க் கபடியில் அந்தப் பாடமே இல்லாமல் நேராகப் பிடிக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பாடத்துக்கு எட்டு, ஒன்பது, பத்து வயதைவிட நல்ல வயது இல்லை என்கிறேன். இருபத்தைந்து கிலோ இருக்கிற பிள்ளையின் இடுப்பு தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவு உயரத்திலிருந்துதான் விழப்போகிறது. பதிமூன்றில் அதே பிள்ளை நாற்பத்தைந்து கிலோவாகி ஓர் அடி வளர்ந்திருக்கும், விழும் வேகமும் பாரமும் சேர்ந்து அடி இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். போதாததற்கு அந்த வயதில்தான் உடம்பு திடீரென்று நீளும், பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12இல், பையன்களுக்கு 13, 14இல். எலும்பு முதலில் நீண்டுவிடும், அதற்கு வலு ஏறுவதும் தசை கூடுவதும் பிறகுதான். மணிக்கட்டு முறிவுகள் பிள்ளைகளுக்கு அதிகம் வருவதும் அந்தக் காலத்தில்தான். தாமதமாகத் தொடங்கினால், கை கால் எங்கே இருக்கிறது என்றே சரியாகப் பிடிபடாத அந்த வருடத்தில்தான் பிள்ளை முதன்முதலாக விழக் கற்க வேண்டியிருக்கும். என் மகன் அப்படித்தான் தொடங்கினான். முதல் வருடம் முழுக்க விழும்போதெல்லாம் கை முன்னால் போகும், மாஸ்டர் கத்துவார், மறுபடியும் கை முன்னால் போகும். அடி எதுவும் பெரிதாகப் படவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் முழுதாக இன்னும் போகவில்லை. சின்னவள் இப்போது தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் தோளைக் கொடுத்து உருண்டு எழுந்திருக்கிறாள்.

மணல் இருப்பது நமக்கு ஒரு வசதி, ஆனால் எல்லா மணலும் ஒன்றில்லை. அலை நனைத்த ஓரம் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். மேலே காய்ந்த மணலில் கால் புதைந்து கணுக்கால் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, எங்கள் மாஸ்டர் அங்கேதான் மம்பட்டியால் கிண்டி, சமப்படுத்தி, தண்ணீர் தெளிப்பார். கிண்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சிப்பி, கண்ணாடித் துண்டு, தூண்டில் முள், அறுந்த நரம்பு வலை எல்லாவற்றையும் பொறுக்கவிடுவார். தூண்டில் முள் ஒன்று போதும், அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் சேறும் ஒதுங்கிய கடற்புல்லுமாக இருக்கிற இடங்களில் இது சரிவராது, அங்கே ஊருக்குள் திடலில் மணல் அடித்துத்தான் செய்ய வேண்டும். கட்டாந்தரையில் சின்னப் பிள்ளைக்குப் பிடி பழக்குகிறார்கள் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, அந்த இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

முதல் சில மாதம் பிடியே கிடையாது, விழுவதும் உருள்வதும் தொட்டு ஓடுவதும்தான். என் மாமியாருக்கு அதுதான் ஆச்சரியம், "என்னப்பா, பிள்ளையை விழ வைக்கத்தான் அனுப்புறியா" என்று கேட்டார்கள். ஆமாம் அத்தை என்றேன். அப்புறம் நின்ற இடத்தில் நிற்கிற ஆளைப் பின்னாலிருந்து இடுப்பில் பிடிப்பது, அப்புறம் தொடைப்பிடி. எல்லாம் ஒருவருக்கு ஒருவர், அதுவும் கிட்டத்தட்ட ஒரே எடையில். கணுக்கால் பிடியை மாஸ்டர் நன்றாகத் தள்ளிப்போடுகிறார். கணுக்காலுக்குக் குனிகிற பிள்ளையின் தலை, கபடி பாடி வருகிறவனின் முட்டிக்கு நேராகப் போய்விடும், தலையை வெளிப்பக்கம் வைக்கத் தெரிந்த பிறகுதான் அது. டேஷ் அடிப்பது, அதாவது பாடி வருகிறவனை உடம்பால் மோதி வெளியே தள்ளுவது, எல்லாவற்றுக்கும் கடைசி, அவரைப் பொறுத்தவரை அது உயர்நிலைப் பள்ளிக்கூட வயது. ஒருவன் மேல் ஏழு பேரும் விழுந்து அமுக்குவது ஊர் ஆட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த காட்சி. இங்கே யாராவது மூன்றாவது ஆளாக மேலே விழுந்தால் அன்றைக்கு அவர் வெளியே உட்கார வேண்டும்.

நான் சொன்ன நிபந்தனை இதுதான். சின்ன வயதில் தொடங்குவது பயிற்சிக்கு, போட்டிக்கு இல்லை. கனடாவில் அடிபட்டது போட்டியில் மோதவிட்ட பிள்ளைகளுக்கு. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆண்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் விடுமுறை, திருவிழாக்களும் வரும், ஊருக்கு ஊர் கபடிப் போட்டிக்குச் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளையும் ஒரு செட் (அணி) சேர்த்து இறக்கிவிடலாம் என்று யாருக்காவது ஆசை வரும். சின்னப் பிள்ளைகளுக்கென்று எடைப் பிரிவு இருக்காது, வயதைக் கேட்டால் எல்லோரும் பத்து என்பார்கள், முப்பது கிலோப் பிள்ளைக்கு எதிரே ஐம்பது கிலோ நிற்கும். சுற்றி நின்று கத்துகிற கூட்டத்துக்கு நடுவில் எந்தப் பிள்ளையும் தாடையை நெஞ்சில் வைக்க நினைக்காது. ஏழாம் வகுப்பு முடியும் வரை எந்தச் செட்டிலும் பெயர் கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். மகளுக்கு அதில் கோபம்தான், இருந்தாலும் இதில் இறங்கி வரப்போவதில்லை.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாமதக் கட்சி சொல்கிற எட்டாம் வகுப்பு, பையன்களுக்கு வளர்ச்சியின் நடு. பெண் பிள்ளைகளில் பலருக்கு அந்த வேகம் ஏற்கெனவே கடந்திருக்கும், அவர்கள் பாரமான உடம்போடு முதல் பாடம் கற்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஊர். பெரியவளான பிள்ளையைப் புதிதாகக் கபடிக்கு அனுப்ப எங்கள் பக்கம் பத்து வீட்டில் ஒரு வீடு சம்மதித்தால் பெரிது. ஏற்கெனவே நாலு வருடம் ஆடுகிற, கூட்டாளிகள் இருக்கிற பிள்ளையை நிறுத்தத்தான் அதே வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கி, அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்ததை எல்லோரும் டிவியில் பார்த்த பிறகு, கேட்க வருகிற அம்மாக்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். அவர்கள் மகளுக்கு வயது பதிமூன்று என்கிறபோது எனக்குச் சங்கடமாக இருக்கும். முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் ஆறு மாதம் விழ மட்டும் கற்கட்டும் என்று சொல்வேன், பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை லேசில் வராது.

எனக்கு அனுபவம் குறைவான இடங்களும் உண்டு. ராமநாதபுரம் போன்ற ஊர்களில் மேட் (விரிப்பு) மேல் பழகும் பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லை. விரிப்பில் கால் வழுக்காமல் நிற்கிறது, அதனால் முட்டி திரும்பும் என்று அங்கே ஆடும் பையன்கள் சொல்கிறார்கள், மணலில் எங்களுக்கு அந்தக் கவலை வந்ததில்லை. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை மூச்சுப் பிடித்துப் பாடலாமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் பார்த்தது என் இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடற்கரையில் வருகிற பிள்ளைகளையும்தான், அதை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எந்த வயதில் சேர்த்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்கட்டோ முழங்கையோ வீங்கினால் சுளுக்கு எடுக்கிறவரிடம் முதலில் போகாதீர்கள். வளருகிற பிள்ளைக்கு எலும்பின் நுனியில்தான் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அது உடைந்திருக்கும்போது இழுத்துவிட்டால் கை வளைந்தோ குட்டையாகவோ போக வாய்ப்பு உண்டு, எக்ஸ்ரே எடுக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம் என்று எதைப் பார்த்தாலும் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர், ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு இன்னும் தூரம். பயிற்சி நேரத்தில் 108ஐ யார் அழைப்பார், வண்டி எங்கே வந்து நிற்கும் என்று சேர்க்கும் அன்றைக்கே மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். பதில் வைத்திருக்கிற மாஸ்டரிடம் ஒன்பது வயதுப் பிள்ளையையும் விடலாம். பதில் இல்லாதவரிடம் பதினான்கு வயதுப் பிள்ளையையும் விட மாட்டேன்.