பிராக்கில் பணம் மாற்றினால் முதலில் ரசீதில் மணியைப் பாருங்கள்

ஜெர்மனியில் டிரெஸ்டனில் படிக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் போன மாதம் ஒரு சனிக்கிழமை செக் குடியரசின் தலைநகர் பிராக் போய் வந்தோம். ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், காலையில் கிளம்பினால் ராத்திரி ரூமுக்குத் திரும்பிவிடலாம். ஊர் அவ்வளவு அழகு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நம் ஊர்க் கணக்கில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கோட்டை விட்டோம். விட்டது நான். அதனால் எழுதுவதும் நானே.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது, கொரூனாதான். ஆளுக்கு 20 யூரோ போட்டு 240 யூரோ பொதுப்பணம் சேர்த்து வைத்திருந்தோம். 'மொத்தமா மாத்துனா நல்ல ரேட் கிடைக்கும்' என்று யாரோ சொன்னார்கள். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பணம் மாற்றும் கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு '0% கமிஷன்', அதற்குக் கீழே 25.10. கூகுளிலும் அன்று ஒரு யூரோ 25 கொரூனாவை ஒட்டித்தான் இருந்தது. சரி, நல்ல கடை என்று உள்ளே போய்விட்டேன்.

பதினொரு மணி ஆகப் போகிறது, வானியல் கடிகாரத்தில் பொம்மைகள் வெளியே வரும், சீக்கிரம் வா என்று வெளியே இருந்து கத்துகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மளமளவென்று நோட்டை எண்ணிக் கொடுத்தார். 3,960 கொரூனா. நானும் ஒரு தடவை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. வகுத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

வகுத்தால் யூரோவுக்கு 16.50. வாசலில் இருந்த 25.10, அவர்கள் நமக்கு யூரோ விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை உள்ளே, கவுன்ட்டருக்குப் பக்கவாட்டில், ஒரு ஏ4 தாளில் இருந்தது. ஆறாயிரம் வர வேண்டிய இடத்தில் 2,040 குறைவு. இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கமிஷன் நிஜமாகவே பூஜ்யம்.

ரசீதைப் பர்ஸில் திணித்துக்கொண்டு ஓடினேன். 1410-இல் செய்த கடிகாரம் அது. மணி ஆனதும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, மேலே ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போகிறார்கள், கடைசியில் தங்கச் சேவல் கூவுகிறது. கடிகாரத்தின் ஒரு பக்கம் கையில் பணப்பையோடு ஒரு கருமியும் நிற்கிறான். அவனைப் பார்த்துச் சிரித்து போட்டோ வேறு எடுத்தேன்.

அங்கிருந்து சார்லஸ் பாலத்துக்கு. போகும் சந்தில் எங்கள் திருநெல்வேலித் தம்பி, அம்மாவுக்குக் கண்ணாடிச் சாமான் வாங்க வேண்டும் என்று, வேறொரு கடையில் தனியாக 100 யூரோ மாற்றினான். 1,650 கொரூனா. 'அண்ணே, உங்களுக்குக் கொடுத்த அதே ரேட்தான்' என்று பெருமையாகச் சொன்னான். பாலத்தில் புனிதர் நெப்போமுக் ஜானின் சிலைக்குக் கீழே ஒரு வெண்கலத் தகடு, தொட்டுத் தொட்டே பளபளவென்று இருக்கும். அதைத் தொட்டால் மறுபடி பிராக் வருவோம் என்று ஒரு நம்பிக்கை. தம்பி இரண்டு கையாலும் தொட்டான்.

அப்புறம் கோட்டை. 1344-இல் தொடங்கி 1929-இல் கட்டி முடித்த புனித விதுஸ் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, உள்ளே போக இன்னொரு வரிசை.

வெளியே வந்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போதுதான் பணம் இடித்தது. பக்கத்து மேஜையில் இருந்த செக் மாணவி ஒருத்தி எங்கள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். ரேட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 'எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. ரசீதில் 10:52. அப்போது மணி 2:15. உதட்டைப் பிதுக்கினாள்.

விஷயம் இதுதான். 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பணம் மாற்றும் கடையில் 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய், காரணமே சொல்லாமல் பேரத்தை ரத்து செய்யலாம். ரசீது வேண்டும், வாங்கிய கொரூனாவைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ரசீதின் அடியிலேயே பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் மூன்று மணி நேரம் 1:52-க்கே முடிந்துவிட்டது.

தம்பியின் ரசீதில் 11:40. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பாக்கி. காப்பிக்கு அவன் 90 கொரூனா செலவழித்திருந்தான், அதைப் பொதுப்பணத்திலிருந்து போட்டு 1,650-ஐ முழுதாக்கினோம். கோட்டைப் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கி, சனிக்கிழமைக் கூட்டத்தில் பாலத்தைக் கடந்து, தகட்டைத் தொட்ட அன்றைக்கே நெப்போமுக் ஜானை மறுபடியும் பார்த்துவிட்டு, 2:33-க்குக் கடையில் நின்றோம். 'மெஷின் வேலை செய்யவில்லை, அரை மணி கழித்து வா' என்றார் அங்கிருந்தவர். தம்பி பதில் பேசவில்லை. ரசீதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, அந்தப் பொடி எழுத்தில் விரலை வைத்தான். நான் போனில் கடிகாரத்தைக் காட்டினேன். ஒரு பெருமூச்சு, மெஷின் வேலை செய்தது, 100 யூரோ திரும்ப வந்தது.

எங்கள் பழைய கடைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தோம். ரசீதைப் பார்த்தார், சிரித்தார், தலையாட்டினார். சட்டப்படி அவர் சரி.

உண்மையில் பணமே மாற்றியிருக்க வேண்டாம். டிராமில்கூடக் கார்டைத் தட்டினால் டிக்கெட் வருகிறது. ரொக்கம் வேண்டும் என்றால் வங்கியின் ஏடிஎம்முக்குப் போங்கள். திரையில் 'யூரோவில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று கொரூனாவையே தேர்ந்தெடுங்கள். கடையில்தான் மாற்றுவேன் என்றால், நோட்டை நீட்டுவதற்கு முன்னால் 'கையில் எத்தனை வரும்' என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தெருவில் வந்து நல்ல ரேட் என்று கூப்பிடுகிறவர்களிடம் நிற்கவே நிற்காதீர்கள். பல்கேரியாவின் செல்லாத பழைய நோட்டைக் கொரூனா என்று தள்ளிவிடுவது அங்கே ரொம்ப காலமாக நடக்கிற வேலை.

சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றித்தொடைக்கும் இதே கண்கட்டுதான். பலகையில் இருப்பது 100 கிராம் விலை, தட்டில் விழுவது அரைக் கிலோ. வெட்டும்போதே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுங்கள்.

பொதுப்பணம் சாயங்காலத்துக்கு முன்பே தீர்ந்துபோனதால் நஷ்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து ரயிலிலேயே மறுபடி வசூலித்தோம். ஆளுக்கு 6 யூரோ 80 சென்ட். இரண்டு பேர் இன்னும் தரவில்லை.