கடலோரக் குழந்தைக்கு எந்தப் பாப்பா பொம்மை: துணியா, வினைலா?

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் குழந்தைக்குப் பாப்பா பொம்மை வாங்கப் போகிறவர்கள் துணிப் பொம்மை, வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக் பொம்மை, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள். கடலோர வீட்டில் எது தாங்கும் என்பதை வைத்தே பார்க்கிறேன்.

மணல்: வினைலைத் துடைத்தால் போதும், ஆனால் கை கால் திரும்பும் மூட்டில் நெறுநெறுவென்று மாட்டிக்கொள்ளும். துணியை உதற வேண்டும், பிறகும் தையலோரத்தில் கொஞ்சம் தங்கும்.

தண்ணீர்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நனையாது என்று நம்பி வினைல் பொம்மையைக் குளியல் தொட்டியில் போடுகிறார்கள். கழுத்து, தோள் இடுக்கு வழியாக நீர் உள்ளே போய், வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கிறது. அழுத்தும்போது கறுப்புத் துணுக்குகள் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். துணிப் பொம்மையைத் துவைக்கலாம். பஞ்சு அடைத்தது நம் ஈரக்காற்றில் எளிதில் காயாது. பாலியஸ்டர் நார் அடைத்தது சீக்கிரம் காயும்.

உப்புக்காற்று: அழும் பொம்மையின் பேட்டரி முனைகள் துருப்பிடிக்கும். துணிக்கு அந்தக் கவலை இல்லை. பட்டன் பேட்டரி உள்ளதைச் சிறு குழந்தைக்கு வாங்கவே கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

செலவு: துணிப் பொம்மையைப் பழைய சேலையில் வீட்டிலேயே தைக்கலாம்.

மூன்று வயதுக்குள் என்றால், கண்ணும் வாயும் நூலால் தைத்த துணிப் பொம்மைதான் என் தேர்வு. ஒட்டிய மணிக்கண் வேண்டாம். சட்டை மாற்றி, தலை சீவி விளையாடும் வயதில் பேட்டரி இல்லாத வினைல் பொம்மை வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழாக் கடையில் வாங்கினாலும் அதைப் பார்த்து வாங்குங்கள்.