இறக்கத்தைப் பார்த்துச் சிகரத்தைத் தேர்ந்தெடுங்கள்: பிரிட்டன் மலைகளில் மவுண்டன் பைக் அனுபவம்

இங்கிலாந்தின் மிக உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர். மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போகும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உச்சி முழுக்கப் பாறைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. நடப்பவர்களே கால் பார்த்து வைக்கும் இடம் அது. சைக்கிள் ஓட்ட உரிமையுள்ள பாதை எதுவும் உச்சிவரை போவதில்லை. சற்றே வடக்கில் உள்ள ஸ்கிடாவின் உயரம் 931 மீட்டர்தான். ஆனால் அங்கே கெஸ்விக் ஊரிலிருந்து உச்சிவரை முறையான பாதை இருக்கிறது. திரும்பும்போது பெரும்பகுதியைச் சீட்டில் இருந்தபடியே இறங்கிவிடலாம். வட இங்கிலாந்தில் குடியேறிய நாள் முதல் இந்த மலைகளில் சைக்கிள் ஓட்டிவருகிறேன். உயரத்தை வைத்துச் சிகரம் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன். இப்போது முதலில் பார்ப்பது இறக்கத்தை. அது நன்றாக இருந்தால்தான் ஏற்றத்தைப் பற்றியே யோசிக்கிறேன்.

அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலைப்பாதைகளில் சில மட்டுமே சைக்கிளுக்குத் திறந்தவை. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் 'பிரைடில்வே' எனப்படும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் திறந்த மலைவெளிகளில் சுற்ற அனுமதித்தாலும், அது நடப்பவர்களுக்கு மட்டுமே. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை மலைவெளி முழுவதிலும் சைக்கிளுக்கு இடம் தருகிறது. ஆகவே எல்லைக்குத் தெற்கே முதல் கேள்வி 'உரிமை உண்டா?' என்பது. வடக்கே முதல் கேள்வி 'அந்த மண் சக்கரத்தைத் தாங்குமா?' என்பது.

உரிமை உள்ள பாதைகளை எளிதில் காட்டுவது பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடம். இத்தனை ஆண்டுகளில் நான் வாங்கிய பொருள்களில் கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைத்தது அதுதான். அதில் குதிரைப் பாதை நீண்ட பச்சைக் கோட்டுத் துண்டுகளாகவும், நடைபாதை குறுகிய பச்சைத் துண்டுகளாகவும் இருக்கும். மலைப்பகுதித் தாள்களில் சமஉயரக் கோடுகள் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒன்று. ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்தது, அதாவது ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்ததற்கு ஐம்பது மீட்டர் ஏற்றம். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான். பாதையின் வழியே அளந்தால் இரண்டு தடித்த கோடுகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அப்படியானால் சரிவு பத்து சதவீதம், சரளையிலும் மிதித்து ஏறிவிடலாம். ஒரு சென்டிமீட்டர் என்றால் இருபது சதவீதம். கல் உருளும் பாதையில் அது எனக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஏற்றம். அதற்கும் நெருக்கமாகக் கோடுகள் இருந்தால் சைக்கிளைத் தோளில் ஏற்ற வேண்டியதுதான். கைபேசித் திரையிலும் இதே வரைபடம் கிடைக்கும். ஆனால் மலை முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து, எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவெடுக்கத் தாளை மேசையில் விரிப்பது போல வராது.

நேரக் கணக்குக்கு வருகிறேன். நடைக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். சைக்கிளோடு செங்குத்தாக ஏறும்போது இந்த நடைக்கணக்கையே அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டயர் பஞ்சரானாலும் இருட்டுவதற்குள் கீழே வந்துவிட அப்படி மிச்சமாகும் நேரம் உதவும்.

ஒவ்வொரு மலையைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் மாவட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது ஹெல்வெலின், 950 மீட்டர். நடப்பவர்கள் புகழும் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை முகடு சைக்கிளுக்கு ஆகாது. ஆனால் கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து கெப்பல் கோவ் வழியாக வளைந்து வளைந்து ஏறும் குதிரைப் பாதை முகட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலே போன பிறகு காற்றும் வெளிச்சமுமாக நீண்ட முகடு. இறங்கும்போது கொண்டையூசி வளைவுகளில் முன்சக்கரத்தைத் திருப்பும் திறமை வேண்டும். இதற்காகவே நான் போகிறேன். குளிர்காலத்தில் லேக் மாவட்டத் தேசியப் பூங்காவின் மதிப்பீட்டாளர் ஒருவர் நாள்தோறும் இந்த மலையில் ஏறி, பனியின் நிலையையும் காற்றையும் வெப்பத்தையும் அளந்து அறிக்கை தருகிறார். அந்த அறிக்கையில் உறைபனி என்று ஒரு சொல் இருந்தாலே சைக்கிளை வீட்டில் விட்டுவிடுவேன்.

ஹை ஸ்ட்ரீட், 828 மீட்டர், வேறு வகையான இன்பம். ஆம்பிள்சைடையும் ப்ரூமையும் இணைத்த ரோமானியச் சாலை இந்த முகட்டின் மேலேயே போனது. முற்காலத்தில் இதன் உச்சியில் மேய்ப்பர்கள் கூடிக் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அவ்வளவு அகலமான, தட்டையான புல்வெளி. வடக்கேயிருந்து ஏறினால் சரிவு மெல்ல மெல்லத்தான் கூடும். தொந்தரவு சேறுதான். லோட்பாட் ஹில் சுற்றுப்புறத்தில் பீட் எனும் கறுப்புச் சதுப்பு மண் மழைக்குப் பிறகு சக்கரத்தை விழுங்கும். ஒரு வாரமாவது மழையில்லாமல் இருந்தால் மட்டும் போங்கள். ஈரத்தில் போனால் நமக்கும் களைப்பு, பாதைக்கும் கேடு. சக்கரத் தடத்தில் நீர் ஓடி அது வாய்க்காலாகிவிடும்.

பென்னைன் மலைத்தொடரில் 848 மீட்டர் உயர கிரேட் டன் ஃபெல் உச்சியில் ரேடார் நிலையம் இருப்பதால் அதுவரை தார்ச்சாலை உண்டு. கால் வலுவைச் சோதிக்க அருமையான ஏற்றம், மவுண்டன் பைக்குக்கு வேலை குறைவு.

வேல்ஸின் எர் விட்வா, அதாவது ஸ்னோடன், 1085 மீட்டர். உச்சிக்குப் போகும் குதிரைப் பாதைகள் இருக்கின்றன. ஆனால் மே முதல் செப்டம்பர் முடிய காலை 10 முதல் மாலை 5 மணி வரை சைக்கிள்காரர்கள் அங்கே போகாமல் இருப்பது என்று ஒரு தன்னார்வ உடன்பாடு உண்டு. கட்டாயம் இல்லை என்று மீறுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கூட்டம் நிறைந்த பாதையில் ஒருவர் மோதினால் அந்த உடன்பாடு தடையாக மாற அதிக நாள் ஆகாது. கோடையில் விடியும்போதே கிளம்பினால் நடப்பவர்கள் ஏறிவரும் முன்பே இறங்கிவிடலாம். காலை உணவும் மலையடிவார ஊரான லான்பெரிஸில் நிதானமாகக் கிடைக்கும்.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறுபவர்கள் பலர். சைக்கிளோடு அந்தப் பட்டியலின் பின்னால் ஓடுவதில் எனக்கு விருப்பமில்லை. அவற்றுள் பல, கல்லும் சதுப்புமாகச் சைக்கிளைச் சுமக்கவே வைப்பவை. கிழக்கோரத்து மவுண்ட் கீன், 939 மீட்டர், இதற்கு விலக்கு. கிளென் எஸ்க் பள்ளத்தாக்கிலிருந்து போகும் பழைய பாதை விக்டோரியா மகாராணி 1861இல் குதிரையில் கடந்த வழி. அவர் நீர் அருந்திய ஊற்றின் மேல் கல் வளைவு இன்னும் நிற்கிறது. உச்சிக்கு அருகில் கொஞ்சம் பாறை, மற்றபடி சரளைப் பாதையில் வேகமாக இறங்கலாம். கிளென் ஃபெஷியிலிருந்து ஏறும் கார்ன் பான் மோர், 1052 மீட்டர், என் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது. ஏற்றம் நீளம், ஆனால் இறக்கத்தின் ஓட்டம் எங்கும் அறுபடுவதில்லை. மேலே பாசியும் சிறு செடிகளும் படர்ந்த பீடபூமியில் டாட்டரல் பறவை தரையில் கூடு கட்டுகிறது. சட்டம் அனுமதித்தாலும் அங்கே பாதையை விட்டு ஒரு சக்கர அகலம்கூட விலகாதீர்கள். அந்தப் பாசி மீண்டும் வளர மிக நீண்ட காலம் ஆகும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மான் வேட்டை மும்முரமாக நடப்பதால், அந்த மலைநிலத்தை வைத்திருக்கும் எஸ்டேட்டின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோளில் சுமக்கும் சைக்கிள் பலமான காற்றில் பாய்மரம் போல ஆளை இழுத்துப் போகும். மலை வானிலை அறிக்கையில் உச்சிக் காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால் தாழ்வான முகட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். மே மாதத்திலும் கையுறை பையில் இருக்க வேண்டும்.

சைக்கிளில் விலையுயர்ந்த எதையும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. இந்த மலைகளின் ஈரமான மணல் பிரேக் பேடைத் தின்றுவிடும். இழைகளைப் பிசினால் ஒட்டிச் செய்த ஆர்கானிக் பேடுகள் ஒரே ஈர நாளில் தேய்ந்துபோய்விடக்கூடும். உலோகத்தூள் கலந்து செய்த சின்டர்டு பேடுகள் சத்தம் போட்டாலும் நீடித்து உழைக்கின்றன. நீண்ட இறக்கத்துக்குப் போகும்போது மாற்று ஜோடி ஒன்றையும், அதைப் பொருத்தும் சாவியையும் கொண்டுபோங்கள். முதல் சிகரம் எது என்று கேட்பவர்களுக்கு ஸ்கிடாவையே சொல்வேன். கெஸ்விக்கில் தொடங்கி, வழியிலுள்ள ஜென்கின் ஹில் செங்குத்தில் தயங்காமல் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். திரும்பும்போது அதே செங்குத்தில் சீட்டைத் தாழ்த்தி, எடையைப் பின்னால் வைத்து, எதிரே வருபவர்களுக்கு நின்று வழிவிட்டு இறங்குங்கள்.