டிரென்ட் ஆற்றில் ஒரு சீசன்: இரண்டு நல்ல பாய்லி, ஒரு வீண் பை, ஒரு சட்டி களி

இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பார்பெல், கெண்டை போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. ஜூன் 16 விடிந்ததும் என்னைப்போல் ஒரு கூட்டம் கரைக்கு ஓடும். நாட்டிங்ஹாமுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அதில் ஆறு வருடமாக என் சனிக்கிழமை மாலைகள் டிரென்ட் கரையில்தான், பெரும்பாலும் நியூவர்க்குக்குக் கீழே, பார்பெல் மீனுக்காக. போன சீசனில் வாங்கிய பாய்லிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

பாய்லி தெரியாதவர்களுக்கு: மீன்மாவு, ரவை, இன்னும் சில மாவுகளை முட்டை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்த இரை. வெந்ததும் மேலே ஒரு தோல் கட்டும். பொடிமீன்கள் கொத்திக் கரைத்துவிடாமல் இருக்க அந்தத் தோல்தான் காவல். 1970களில் குளத்துக் கெண்டை பிடிப்பவர்களிடம் தொடங்கிய பழக்கம், பிறகு ஆற்றுக்கும் வந்தது. 15 மி.மீ. பாய்லி பார்ப்பதற்குக் கொஞ்சம் பெரிய சீடை மாதிரி இருக்கும். இதை முள்ளில் குத்துவதில்லை. முள்ளின் அடியில் தொங்கும் ஒரு சின்ன நூலில், பூ கோப்பதுபோல் ஊசியால் கோத்துவிட வேண்டும். முள் வெறுமையாக இருக்கும். மீன் இரையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ளே போகும்.

பார்பெலும் கெண்டைக் குடும்பம்தான். மேல் உதட்டில் நான்கு மீசை, கீழ்நோக்கிய வாய். சரளைக்கல் கிடக்கிற அடித்தரையில், வேகமான ஓட்டத்தில், மீசையால் தடவித் தடவித் தின்னும். அதனால் குளத்துக் கெண்டைக்குப் பிடித்த இரை எல்லாம் இங்கே எடுபடாது. ஓட்டத்தில் உருளாமல் கிடக்க வேண்டும், மூன்று மணி நேரமாவது தாங்க வேண்டும், அதே நேரம் வாசனையை விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பையின் மேல் அச்சடித்திருக்கிற வாசகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் செய்வது கண்ணாடி டம்ளர் சோதனை. இரண்டு பாய்லியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு சமையலறை ஜன்னலில் வைத்துவிடுவேன். காலையில் தண்ணீர் லேசாகக் கலங்கி, உருண்டையின் மேல்பக்கம் மிருதுவாகி, நடு கெட்டியாக இருந்தால் சரி.

போன சீசனில் முதலில் வாங்கியது ஒரு கடையின் சொந்தத் தயாரிப்பு. கடையின் பெயர் வேண்டாம். விலை பாதி, பை பெரிது, நிறம் பளீர் இளஞ்சிவப்பு. வாசனை? குழந்தைகள் அழிரப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. டம்ளரில் இரவு முழுக்கக் கிடந்தும் கோலிக்குண்டு கோலிக்குண்டாகவே இருந்தது, தண்ணீர் மட்டும் இளஞ்சிவப்பானது. அதைப் பார்த்த பிறகும் காசு போட்டுவிட்டோமே என்று நான்கு மாலை அதையே போட்டேன். ஒரு கடி இல்லை. நியாயமாகச் சொன்னால் அந்த நாட்களில் ஆறு வற்றி, தெளிந்து, அடிக்கல் தெரியக் கிடந்தது. எந்த இரைக்கும் அது கெட்ட நேரம்தான். ஆனாலும் அந்தப் பையை இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

அடுத்தது டைனமைட் பெய்ட்ஸ் கம்பெனியின் தி சோர்ஸ் என்ற பாய்லி, 15 மி.மீ. ஒரு கிலோ பை 10 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. பழுப்பு நிறம், ஈரலையும் கருவாட்டையும் சேர்த்து வறுத்தது போன்ற வாசனை. பையைக் காரில் பிரித்துவிட்டு மூன்று நாள் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டம்ளர் சோதனையில் நான் சொன்னபடியே நடந்தது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஒன்பது மாலை, பதினான்கு பார்பெல். பெரியது 11 பவுண்டு 6 அவுன்ஸ், அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். பதினான்கும் பாய்லியின் மகிமை என்று சொல்ல மாட்டேன். இடம் தெரிந்திருந்தது, ஓட்டம் நன்றாக இருந்தது. ஆனால் இதை முழு உருண்டையாக நான் போடுவதே இல்லை. கத்தியால் இரண்டு பக்கமும் சீவிவிடுவேன். சீவிய பக்கம் தரையில் படிந்து கிடக்கும், உருளாது. தோல் போன இடத்தில் வாசனையும் சீக்கிரம் வெளியே வரும். இதே பாய்லியில் நாலைந்தை உடைத்து, வேகவைத்த ஹெம்ப் விதையோடு ஃபீடரில், அதாவது தூண்டில் நரம்பில் கட்டும் சின்னத் தீனிக் கூண்டில், அடைத்து எறிவேன். அதற்கு மேல் வாரி இறைத்தால் மீன் வயிறு நிறைந்துவிடும், முள்ளைத் தேடி வராது.

அக்டோபர் பிறந்து தண்ணீர் சில்லிட ஆரம்பித்ததும் கணக்கு மாறுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தவர்களுக்கு இது புரியும். கோடையில் மீனை இழுத்துக்கொண்டு வந்த மீன் எண்ணெய் குளிரில் தடித்து நின்றுவிடும், வாசனை பரவாது. மீனுக்கும் செரிமானம் மந்தம். அப்போது நான் ராபின் ரெட்டுக்கு மாறுவேன். ராபின் ரெட் என்பது பறவைத் தீனி செய்யும் ஹெய்த்ஸ் நிறுவனத்தின் சிவப்புக் கலவை. மிளகாய்ச் சாயலில் ஒரு வாசனை, கையில் ஒட்டினால் ஒரு நாள் போகாது. அந்தக் கலவை சேர்த்த பாய்லியைப் பாதியாக நறுக்கி, ஒரே ஒரு பாதியைக் கட்டுவேன். கூண்டில் தீனியும் ஒரு சிட்டிகைதான். நவம்பரில் ஐந்து மாலைக்கு மூன்று மீன். எனக்கு அது போதும்.

மழை பெய்து ஆறு தேநீர் நிறத்தில் ஏறி வரும் நாட்களில் மட்டும் இதற்கு நேர்மாறு. பெரிய இரைதான். பாய்லியைப் பொடித்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்த மாவை, கோத்த பாய்லியின் மேல் கொழுக்கட்டை மாதிரி போர்த்திவிட வேண்டும். கலங்கிய தண்ணீரில் மீசைக்கு அதுதான் வழிகாட்டி.

இனி களி. ஆகஸ்டில் அப்பா பென்னாகரத்திலிருந்து வந்திருந்தார். பிலிகுண்டு பக்கம் காவிரியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். பையிலிருந்து ஒரு தி சோர்ஸை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்னடா இது, கருவாட்டுச் சீடையா?"

"மீனுக்கான இரைப்பா. ஒரு கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல."

"அடப்பாவி! நாங்க களி உருண்டையிலேயே ஆள் உசரத்துக்குப் பிடிச்சோமே."

ஆள் உயரம் என்பது அப்பாவின் அளவுகோல். ஆனால் களி உருண்டை பொய்யில்லை. காவிரியில் மாசீர் மீனுக்கு ராகி உருண்டைதான் பேர்போன இரை. ராகி மாவைப் பிசைந்து, உருட்டி, கெட்டியாகும்வரை வேகவைப்பது. யோசித்தால் அதுவும் பாய்லிதான். மாசீரும் பார்பெலுக்குப் பங்காளி முறை. அந்தப் பெரிய திமில் மாசீர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. டோர் ரேமாதேவி என்ற அறிவியல் பெயர் அதற்கு உறுதியானதே 2018இல்தான். அப்பா பிடித்த காலத்தில் இதையெல்லாம் யார் கண்டார்கள்?

சரி என்று நாட்டிங்ஹாமில் இந்தியக் கடையில் ராகி மாவு வாங்கி வந்தோம். அப்பாவின் முறைப்படி முட்டை சேர்க்காமல் செய்த முதல் சட்டி, டிரென்ட் ஓட்டத்தில் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. நரம்பைச் சுற்றி இழுத்தால் வெறும் நூல். இரண்டாவது சட்டியில் கால் கிலோ ராகிக்குக் கொஞ்சம் ரவை, மூன்று முட்டை, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டுத் தூள். மூன்று நிமிடம் வேகவைத்து, செய்தித்தாளில் ஒரு இரவு உலர்த்தினோம். இது இரண்டரை மணி நேரம் தாங்கியது. பார்பெல் வரவில்லை, சப் என்கிற வேறொரு ஆற்று மீன், மூன்று பவுண்டில் ஒன்று வந்தது. சப்புக்கு எதைப் போட்டாலும் வரும் என்று நான் சொல்லவில்லை. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அன்று இருட்டும் நேரத்தில் இன்னொரு தூண்டிலில், தி சோர்ஸில், ஒன்பது பவுண்டு பார்பெல் ஏறியது. கம்பு அப்படியே வளைந்து, தாங்கியிலிருந்து பறக்கப் பார்த்தது. பார்பெல் கடி அப்படித்தான், சந்தேகமே வராது. கரைக்கு வந்த மீனை வலையோடு தண்ணீரிலேயே, ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். முழுப் பலத்தையும் போட்டுப் போராடிக் களைத்துப்போகிற மீன் இது. அவசரப்பட்டு விட்டால் மல்லாந்து செத்துவிடும், அதுவும் கோடையில்.

"விடவா போற? குழம்புக்கு ஆகாதா?"

"பெரிய மீனை எடுக்கச் சட்டத்துல இடமில்லப்பா. இதோட சினையும் விஷம்."

விஷம் என்றதும் அப்பா இரண்டு அடி தள்ளி நின்றார். ஐந்து நிமிடம் கழித்து மீன் வாலை ஒருமுறை வீசிவிட்டுப் போனது.

கடைசியாக ஒன்று. ஐந்து கிலோ மூட்டை மலிவு என்று வாங்காதீர்கள். ஒரு மாலைக்கு ஆற்றில் நான் செலவழிப்பது முப்பது உருண்டைக்குள்தான். ஃப்ரீசரில் வைக்கும் வகை என்றால் டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ராபின் ரெட்டைக் குலாப்ஜாமூன் என்று நினைத்து ஒரு விருந்தாளி கிண்ணத்திலேயே எடுத்து வைத்துவிட்டார்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் முதல் கேள்வியே, "அந்த ராகியில முட்டையைக் குறைச்சுப் பார்த்தியாடா?" என்பதுதான். குறைக்கவில்லை. குறைத்தால் இந்த ஓட்டத்தில் நிற்காது.