அடியில் பார்த்தால் ஆண்டு தெரியுமா: ராயல் கோபன்ஹேகன், சாக்ஸ்போ

பழைய டேனிஷ் ஜாடி கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மூன்று அலைக்கோடுகள் இருந்தால் அது ராயல் கோபன்ஹேகன் என்ற டேனிஷ் பீங்கான் நிறுவனத்தினுடையது. ROYAL COPENHAGEN என்ற அதன் பெயர் முத்திரையில் 1935 முதல் ஓர் எழுத்தின் மேல் சின்னக் கோடு இருக்கும். முதல் எழுத்தின் மேல் என்றால் 1935. கடைசி எழுத்தின் மேல் என்றால் 1949. 1950இல் கோடு எழுத்துக்குக் கீழே இறங்கி, மறுபடி முதலிலிருந்து நகரும். ஒரு லென்ஸ் போதும். ஆனால் அங்கே வேலை செய்த ஆக்செல் சால்டோ போன்ற கலைஞர்களின் ஸ்டோன்வேரில் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண்பாண்டத்தில்) பலமுறை அலைகளும் கையெழுத்தும் மட்டுமே இருக்கும்.

சாக்ஸ்போ என்ற டேனிஷ் மண்பாண்டப் பட்டறையின் முத்திரை ஆண்டைச் சொல்லாது. பட்டறை 1930 முதல் 1968 வரை இயங்கியது. அங்கே வேலை செய்த கலைஞர் எவா ஸ்டேர்-நீல்சனின் குறி கீறியிருந்தால், அவர் சேர்ந்த 1932க்கு முந்தையதல்ல என்று நெருங்கலாம். ஆனாலும் என் ஓட்டு சாக்ஸ்போவுக்கே. வேதிப் பொறியாளர் நதாலி கிரெப்ஸ் உருவாக்கிய அந்த மங்கிய, வழவழப்பான கிளேஸை (சுட்ட மேற்பூச்சை) விரலால் தடவிப் பாருங்கள்.