5,400 ரூபாய் போச்சு: வீட்டுக்கே வந்து கார் பேட்டரி மாற்றுகிறவர்களிடம் ஜாக்கிரதை

5,400 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான்கு நாளாக என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. போனில் புக் செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி கார் பேட்டரி மாற்றித் தருகிற சேவை ஒன்று. பெயர் போடவில்லை. விசாரித்த வரையில் இந்த வகை ஆட்களில் பலர் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான், ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். பேட்டரி எப்படிப் பார்த்து வாங்குவது, எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கோவையில் வடவள்ளிப் பக்கம் இருக்கிறோம். எட்டு வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் திருநெல்வேலி போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் டிக்கிக் கதவு முழுசாகச் சாத்தவில்லை, உள்ளே விளக்கு நாலு நாளும் எரிந்திருக்கிறது. அங்கேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். 5 வாட் பல்பு, 12 வோல்ட், சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். என் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். நாலு நாளுக்கு அது தாராளமாகக் காலி. பேட்டரி சாகவில்லை, இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கணக்கை நேற்று ராத்திரி படுக்கையில் போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்குப் போடவில்லை. அவசரத்தில் போனை எடுத்து, நாற்பது நிமிடத்தில் வருவோம் என்று போட்டிருந்த ஒன்றை அழுத்திவிட்டேன்.

சொன்ன நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டான். இருபத்தைந்து வயசிருக்கும், பைக்கில் பின்னால் ஒரு கோணிப்பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "அம்மா, பயப்படாதீங்க, டாக்டர்கிட்ட நேரத்துக்குப் போயிடலாம்" என்றான். அம்மா அதிலேயே கவிழ்ந்துவிட்டார், காபி போட உள்ளே போய்விட்டார். நான் எப்போது கவிழ்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் கிளாம்பைத்தான் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அவன் அதைச் சரியாகச் செய்தான். சரி, தொழில் தெரிந்த பையன் என்று நினைத்தேன். திருடனுக்கும் தொழில் தெரிந்திருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு கருவியை வைத்துக் காட்டினான், ரொட்டி சுடுகிற டோஸ்டர் மாதிரி இருக்கும், இரண்டு கிளாம்ப், மேலே ஒரு முள். லோடு டெஸ்டர், பேட்டரியிலிருந்து வேகமாக மின்சாரம் இழுத்து அது தாங்குகிறதா என்று பார்க்கிற கருவி. பட்டனை அழுத்தியதும் முள் சடாரென்று சிவப்பில் போய் விழுந்தது. "பாத்தீங்களாண்ணா, செல் போயிடுச்சுங்க. வேற பேட்டரியில இருந்து ஒயர் குடுத்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு 300 ரூபா வாங்கிட்டுப் போயிடலாம், ஆனா வழியில அம்மாவோட நின்னுட்டீங்கன்னா எனக்கு மனசு கேக்காதுங்க." இந்த வார்த்தைக்குத்தான் நான் 5,400 ரூபாய் கொடுத்தேன். பேட்டரிக்கு இல்லை, மனசு கேட்காத அந்த மனசுக்கு.

சார்ஜ் இறங்கிக் கிடக்கிற எந்தப் பேட்டரியை லோடு டெஸ்டரில் வைத்தாலும் முள் சிவப்புக்குத்தான் போகும். முழுசாக சார்ஜ் ஏற்றி, கொஞ்ச நேரம் சும்மா வைத்து, அப்புறம்தான் அந்த டெஸ்டைச் செய்ய வேண்டும். இது பேட்டரி கடையில் டீ வாங்கி வருகிற பையனுக்குக்கூடத் தெரியும் என்று இப்போது சொல்கிறார்கள்.

விலை 6,100, பழைய பேட்டரிக்கு 700 கழித்து 5,400. கடை விலையைவிட அதிகம் என்று பின்னால்தான் தெரிந்தது. கோணிப்பையிலிருந்து எடுத்தான், அட்டைப்பெட்டி இல்லை. கேட்டதற்கு, பைக்கில் பெட்டியோடு வைத்தால் நிற்காது, கடையிலேயே பிரித்துவிடுவோம் என்றான். நியாயமாகத்தான் இருந்தது. பாசிட்டிவ் கிளாம்பை இறுக்கும்போது அது ஆடிக்கொண்டே இருந்தது. பையிலிருந்து ஒரு சின்ன ஈயத்தகடு எடுத்து டெர்மினலை, அதாவது கிளாம்ப் மாட்டுகிற முளையை, சுற்றி வைத்து முடுக்கினான். "கிரிப்புக்குங்க" என்றான். புது பேட்டரி டெர்மினலுக்கு எதற்குத் தகடு? பழைய டெர்மினலைப் பளபளப்பாகத் தேய்த்துத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கியதில் அது மெலிந்து போயிருக்கிறது, அதனால்தான் கிளாம்ப் நிற்கவில்லை. கண் முன்னால் நடந்தது, பார்த்துக்கொண்டே காபி டம்ளரை நீட்டினேன்.

ஜிபே ஸ்கேன் செய்தேன், ஒரு தனி ஆள் பெயர் வந்தது. "ஓனர் பேருங்க" என்றான். பில் கேட்டேன். ஜிஎஸ்டி பில் என்றால் இன்னும் 18 சதவீதம் சேரும், வாரண்டிக்கு பில் தேவையில்லை, கார்டு போதும் என்று ஒரு கார்டில் சீல் குத்திக் கொடுத்தான். சீரியல் எண் எழுத வேண்டிய இடம் காலி, வண்டி நம்பர் இடமும் காலி. ஆன்லைனில் நாங்களே ஏற்றிவிடுவோம், உங்களுக்கு மெசேஜ் வரும் என்றான். மெசேஜ் வரவில்லை, நானும் மறந்துவிட்டேன். பழைய பேட்டரி அதே கோணிப்பைக்குள் போனது. அம்மா, "இன்னொரு வாய் காபி குடிச்சிட்டுப் போ கண்ணு" என்றார்.

இருபத்து மூன்று நாள். போன ஞாயிறு சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து சாவி போட்டால் அந்த டிக் சத்தம்கூட இல்லை. கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தள்ள, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு ஒரு வழியாகக் கிளப்பினேன். ஏசி போடாமல், பாட்டுப் போடாமல், எந்த சிக்னலிலும் என்ஜின் அணையாமல் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வழி முழுக்க, அந்தப் பையன் நல்ல பையனாச்சே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திங்கள்கிழமை பக்கத்தில் ஒரு பேட்டரி கடைக்குப் போனேன். வயசான மனிதர், பேச்சே கிடையாது. முதலில் என்ஜினைத் தள்ளிக் கிளப்பச் சொல்லி, ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார், 14.1 வோல்ட். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது, குறை பேட்டரியில்தான் என்றார். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு மறுநாள் காலை பார்த்தால் 10.5. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் கொடுக்கும், ஆறும் உயிரோடு இருந்தால் 12.6 காட்ட வேண்டும், 10.5 என்றால் ஒரு செல் போய்விட்டது என்று விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். அப்புறம் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். கீழே இன்னொரு ஸ்டிக்கர். மேல்மூடியில் தயாரிப்புத் தேதிக்கான குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த தடம். "ரீகண்டிஷன் மால் தம்பி. யாருங்க இதை மாட்டுனது?" என்றார். யார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இதைவிடப் பெரிய அடி அதற்கப்புறம்தான். பழைய பேட்டரி எவ்வளவு நாள் ஆச்சு என்று கேட்டார். வண்டியின் கிளவ் பாக்ஸைக் குடைந்தால் அதன் கார்டு கிடைத்தது. வாங்கி 26 மாதம். 55 மாத வாரண்டி, முதல் 30 மாதத்துக்குள் செத்தால் இலவசமாகப் புதுசு, மீதி 25 மாதத்துக்கு விலையில் தள்ளுபடி. அதாவது நான் கோணிப்பைக்குள் போட்டுக் கொடுத்தது இன்னும் நாலு மாதம் இலவச வாரண்டி உள்ள பேட்டரி! அதைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். பிழைத்திருந்தால் அப்படியே மாட்டிக் கொடுத்திருப்பார்கள், நிஜமாகவே செத்திருந்தால் காசில்லாமல் புதுசு. இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்கு 5,400 செலவில்லை. அந்தப் பையன் கார்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவே இல்லை, இப்போது யோசித்தால் அது நானே என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் நல்ல பேட்டரி இந்நேரம் புது ஸ்டிக்கரோடு இந்த ஊரில் எவர் வண்டியிலோ உட்கார்ந்திருக்கும், அவரிடமும் ஒரு 5,400 வாங்கியிருப்பான்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. பையனுக்குப் போன் செய்தேன். செவ்வாய், "நாளைக்குக் காலைல வந்துடறேனுங்கண்ணா". புதன், "திருப்பூர்ல இருக்கேனுங்க, சாயங்காலம்". வியாழன் ரிங் போகவே இல்லை, வாட்ஸப்பில் படமும் காணோம். அந்தச் சேவையின் கஸ்டமர் கேரில் ஒரு பெண், பாவம் அவர் என்ன செய்வார், எழுதி வைத்ததைப் படிக்கிறார்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், 48 மணி நேரத்தில் எங்கள் குழு தொடர்பு கொள்ளும்." எந்தக் குழுவும் வரவில்லை, புகார் தீர்க்கப்பட்டது என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டால், நாங்கள் உங்களையும் கடைக்காரரையும் இணைத்து வைப்பது மட்டும்தான், பொருளுக்கு அவர்தான் பொறுப்பு. அந்தக் கடைக்காரர் எங்கே? கார்டில் இருந்த முகவரிக்கு வண்டியை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் தேடிப் போனேன். பாதி ஷட்டர் இறக்கிய ஒரு கடை, உள்ளே ஒருத்தர் போன் பார்த்துக்கொண்டு, "அந்தப் பையன் இப்ப நம்மகிட்ட இல்லீங்க" என்றார். சீல் உங்களுடையதுதானே என்றேன். சீரியல் எண் இல்லாத கார்டை நான் எப்படிங்க ஒத்துக்குவேன் என்றார். எண்ணை எழுதாமல் விட்டது அவர்கள், அதை வைத்தே என்னை அனுப்பியதும் அவர்கள். போகும்போது, டேஷ்கேம் (முன்கண்ணாடியில் மாட்டுகிற கேமரா) மாட்டியிருக்கீங்களா, அது இருந்தா பேட்டரி போகத்தான் செய்யும் என்று ஒரு இலவச ஆலோசனை வேறு. என் வண்டியில் டேஷ்கேமே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்கான பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் ஜம்ப் போட்டோ தள்ளியோ கிளப்பி, கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். கிளாம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். பழைய பேட்டரியின் கார்டைப் பார்க்காமல் அதைக் கையை விட்டு விடாதீர்கள், 700 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் என்றால் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு என்ன சைஸ், பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைப் பழைய பேட்டரியில் இருக்கும் குறியீட்டிலேயே பாருங்கள், கடைசி எழுத்து L-ஆ R-ஆ என்று; மாறினால் கேபிள் எட்டாது. டெர்மினலில் ஏற்கெனவே கிளாம்ப் கடித்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஈயத்தகடு எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல், சீரியல் எண்ணும் வண்டி நம்பரும் உங்கள் கண் முன்னால் எழுதாமல் பணம் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

1915, நுகர்வோர் உதவி எண், அதில் புகார் கொடுத்துவிட்டேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் காலி கார்டின் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். அந்தச் செத்த பேட்டரியைப் பெரியவர் ஸ்கிராப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை, திண்ணையில் வைத்திருக்கிறேன், சாட்சி அது ஒன்றுதான். இந்த ஊரில் இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் உங்கள் பேட்டரி ஸ்டிக்கரின் ஓரத்தை இன்றைக்கே ஒரு தடவை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்கலாம்.